காற்றழுத்த நோட்டு

பெங்களூரு
12 செப்டம்பர் 2025

சரிதாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய், அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு தடவை தைரியம் வராது. அதனால்தான் தபால். பி.எஸ்ஸி. படிக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் நமக்குள் எழுதிக்கொள்வோமே, அதற்கப்புறம் உனக்குக் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் ஆய்வேட்டைத் தேர்வாளர் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். உன் வீட்டு மாடியில் இருந்த கருவியின் எண்ணிக்கை ஆகஸ்ட் 2022 முதல் தினமும் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் குறைகிறதே, ஏன் என்று கேட்கிறார். காற்றழுத்தத்தைக் குறித்தவர் சரியாகக் குறிக்கவில்லை என்று நான் எழுதியிருந்த பதில் அவருக்குப் போதவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன், எனக்கே தெளிவாகட்டும். வெகுதூரத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர் நம் காற்றின் உச்சியில் மோதிச் சிதறுகிறது. சிதறியதில் மியூவான் என்கிற துகள் தரைவரை இறங்குகிறது. உன் மொட்டை மாடி ரூமில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு கறுப்புப் பலகைகளையும் அது ஒரே நேரத்தில் துளைத்தால் ஓர் எண்ணிக்கை. காற்று கனத்திருந்தால் கொஞ்சம் குறைவாக வரும், லேசாக இருந்தால் கூடுதலாக வரும். அந்த வித்தியாசத்தைக் கழிக்கத்தான் பாரோமீட்டர். எலக்ட்ரானிக் பாரோமீட்டர் 2021 மழைக்காலத்தில் உப்புக் காற்றில் செத்துப்போனதால், பழைய முள் பாரோமீட்டரை மாட்டிவிட்டு வந்தேன். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நீ ஏறிப் பார்த்து நோட்டில் எழுதினாய். காற்றழுத்தம் இயல்பாகவே ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். அதைக் கழித்த பிறகும் எண்ணிக்கை இரண்டு முறை இறங்கியது. அப்படியானால் அழுத்தக் கணக்கில்தான் தப்பு, எழுதினவள் கீழே உட்கார்ந்துகொண்டு மனம்போனபடி எழுதியிருக்கிறாள் என்று எங்கள் ஆய்வுக் குழுவில் சொன்னார்கள்.

நானும் சொன்னேன்.

நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். கருவியை எடுத்துக்கொண்டதும் கட்டுரையிலிருந்து உன் பெயரை நீக்கியதும் குழுவின் முடிவு. அதை நான் தனியாக மாற்றியிருக்க முடியாது. இப்போது எனக்கு உன் நோட்டு வேண்டும், என்னிடம் இருப்பது போன் படம்தான். அதோடு ஆகஸ்ட் 2022-இல் உன் மாடியில் ஏதாவது மாறியதா என்று யோசித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கார்குழலி


நெல்லித்தோப்பு, புதுச்சேரி
21 செப்டம்பர் 2025

முனைவர் ஆகப்போகும் கார்குழலி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உதவியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். பேங்கில் பாஸ்புக் கேட்டு எழுதுகிறவர்கள்கூட உன்னைவிட நெருக்கமாக எழுதுவார்கள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் வேன் வந்து நின்றது. உன் நிறுவனத்து ஆட்கள் மூன்று பேர் செருப்போடு மாடி ஏறினார்கள். எனக்கு ஒரு காகிதத்தைக் காட்டினார்கள், கையில் கொடுக்கவில்லை. பலகைகளைப் போர்வையில் சுற்றி இறக்கும்போது தெருவே கூடி நின்றது. என் மாமியார் ஜெயத்தை உனக்குத் தெரியும், வாய் சும்மா இருக்காது. "இன்னாடி பண்ண நீ? போலீஸ் வந்து பொட்டி தூக்கினு போற மாதிரி தூக்கினு போறாங்க" என்று கேட்டார். போலீஸ் இல்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு அஞ்சலாட்சி இன்றுவரை என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போகிறாள்.

பிறகு பள்ளிக்கூடம். அங்கே நான் லேப் அசிஸ்டெண்ட். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறை மாடிக்குக் கூட்டி வந்து கருவியைக் காட்டியிருக்கிறேன். "அந்த வீட்டிலிருந்து வந்த அளவுகள் நம்பத்தக்கவை அல்ல, மாணவர்களின் செயல்திட்டங்களில் பயன்படுத்த வேண்டாம்" என்று பள்ளிக்கு ஒரு கடிதம் போனது. பெரிய மதர் என்னை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். கீழே குழுவின் கையெழுத்து இல்லை குழலி. உன் கையெழுத்து. கா-வுக்குப் போடும் அந்தச் சுழியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பொங்கல் லீவு முடிந்து வரவேண்டாம் என்றார்கள்.

கல்லூரியில் கோவிந்தசாமி சார் லேபுக்குள் ரப்பர் கொண்டுவரவே விடமாட்டார், ஞாபகம் இருக்கிறதா. "தப்பா எழுதிட்டா அழிக்காத. ஒரே கோடு போடு, பக்கத்துல கையெழுத்து போடு. தப்பும் தெரியணும், தப்பு பண்ணவனும் தெரியணும்" என்பார். கட்டுரையில் என் பெயரின் மேல் நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. அப்படி ஒருத்தி இருந்த தடமே இல்லாமல் எடுத்துவிட்டாய்.

மாடியில் என்ன மாறியது என்று கேட்கிறாய். ஆகஸ்ட் 2022-இல் அந்த ரூமின் தலைக்கு மேல் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தண்ணீர் டேங்க் ஏறியது. பழையது விரிசல் விட்டுவிட்டது, உயரத்தில் வைத்தால் கீழே குழாயில் தண்ணீர் வேகமாக வரும் என்று கொத்தனார் சொன்னார். காலையில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். மோட்டார் போட்டால் ஏழு மணிக்குள் நிறையும். வீட்டில் மூன்று குடித்தனம், மத்தியானத்துக்குள் காலி. மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு. மோட்டார் போடுவது நான்தான்.

உனக்குச் சொல்லவில்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்கப்போகிறாய். சொன்னேன். போட்டோ அனுப்பினேன். நீ பதிலும் போட்டாய். தேடிப் பார்.

உன் மூன்று ஆட்களும் அந்த டேங்குக்குக் கீழேதான் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மேலிருந்து வருவதை எண்ணுகிறவர்கள் மேலே பார்க்கவே மாட்டீர்களா.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன்.

ச. சரிதா


பெங்களூரு
2 அக்டோபர் 2025

சரிதா,

தேடினேன். பழைய போனில் இருந்தது. சார்ஜர் கிடைக்காமல் இரண்டு நாள் அலைந்து, அதற்குள் நீ பொய் சொல்கிறாய் என்று நானே முடிவுகட்டி, கடைசியில் போன் உயிர்பெற்று அந்தப் படம் வந்தது.

19 ஆகஸ்ட் 2022. ரூம் மேல் டேங்க், பக்கத்தில் உன் வீட்டுக்காரர் ராஜவேல் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். கீழே நீ: "டேங்க ரூம் மேல ஏத்திட்டாங்க. மெஷினுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? சொல்லு, இல்லனா எறக்க சொல்றேன்." நான் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறேன். பிறகு "சூப்பர் டி" என்று போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன வேலை இருந்ததென்று நினைவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கக்கூட மாட்டேன்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் தலைக்கு மேல் நின்றால் லேசான துகள்களில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும், மியூவானிலும் கொஞ்சம் குறையும். நிறைந்தால் எண்ணிக்கை குறையும், காலியானால் ஏறும். முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். இதில் இன்னொரு அசட்டுத்தனமும் இருக்கிறது. விண்மீன்கள் பக்கமிருந்து வரும் மாற்றம் எதுவானாலும் தினமும் நாலு நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் விண்மீன்கள் நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. நம் எண்ணிக்கை நகரவே இல்லை, இரண்டு வருடமும் ஒரே மணியில் இறங்கியது. கடிகாரம் பார்த்து நடப்பது மனிதர்கள்தான். அங்கே யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. நீ பொய் எழுதுகிறாய் என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் கடிதத்தை மூடிவிடலாம் என்று நேற்று முழுவதும் பார்த்தேன். மார்ச் மாதம் வானிலை நிலையத்தின் அழுத்த அளவுகளை வாங்கி உன் நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். மூன்று வருடத்தையும். ஏறக்குறைய எல்லாம் பொருந்தின. நீ வெயிலில் ஏறி நின்று முள்ளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய் என்று எனக்கு மார்ச்சிலேயே தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கைடு எழிலரசன் சாரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தப்பு என் பக்கம் வரும் என்று பயந்தேன். உனக்கு வேலை போனதும் எனக்குத் தெரியும், நம் வகுப்பு குரூப்பில் லட்சுமி எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு மேலே தள்ளினேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்குமேல் இதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

குழுவுக்கும் உன் பள்ளிக்கும் எழுதுகிறேன். டிசம்பர் பதினைந்தில் என் ஆய்வேட்டுக்கு வைவா இருக்கிறது. அது முடிந்ததும் முதல் வேலையாக எழுதிவிடுகிறேன்.

குழலி


நெல்லித்தோப்பு
9 அக்டோபர் 2025

கார்குழலிக்கு,

வைவா முடிந்ததும்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், அது உண்மை. மார்ச்சிலேயே தெரியும் என்ற இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு கடைசி வரியைப் படித்தேன். அழுகை நின்றுவிட்டது.

என் பேரைக் கெடுக்க உனக்கு ஒரு வாரம் ஆனது. அதைத் திருப்பித் தர மட்டும் நல்ல நாள் பார்க்க வேண்டுமா. நீ பட்டம் வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, சால்வையை மடித்து வைத்துவிட்டு எழுதுவாய். அப்போது அதைப் படிக்கிறவர்கள், பாவம், எவ்வளவு பெரிய மனசு என்று உன்னைத்தான் சொல்வார்கள்.

இந்த ஒன்பது மாதத்தில் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை நீ. கல்லூரியில் பேசும்போது பெரிதாகச் சொல்வாயே, காஸ்மிக் கதிர் எங்கேயோ வெடித்த விண்மீனிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் காந்தப் புலம் திருப்பித் திருப்பி விட்டு, லட்சக்கணக்கான வருடம் அலைந்து இங்கே வருகிறது, அதனால் எங்கிருந்து வந்தாய் என்று அதைக் கேட்டால் அதற்கே தெரியாது என்று. அதன் ஊரைக் கண்டுபிடிக்க உனக்கு இவ்வளவு பொறுமை இருக்கிறது. நெல்லித்தோப்புக்கு ஒரு போன் போட்டு "என்னடி ஆச்சு" என்று கேட்க இல்லை.

எழுதுவதானால் இப்போது எழுது. இல்லையென்றால் எனக்கும் இனி எழுதாதே.

சரிதா


பெங்களூரு
6 நவம்பர் 2025

அன்புள்ள சரிதா,

இத்தோடு இரண்டு நகல்கள் வைத்திருக்கிறேன். ஒன்று குழுவுக்கு, ஒன்று உன் பள்ளியின் பெரிய மதருக்கு. இரண்டிலும் ஆகஸ்ட் 19 படமும் என் பதிலும் இருக்கின்றன. கட்டைவிரலையும் சேர்த்துத்தான் அச்செடுத்தேன்.

கடிதத்தை நீட்டிவிட்டு ஓடிவரக் கூடாது என்று, கூட்டத்தில் நின்று நானே வாசித்தேன். டேங்க் என்று வந்ததும் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெளியே வந்தபிறகு எழிலரசன் சார், "மார்ச்லயே தெரியும்னு சொல்லாம விட்டிருக்கலாமேம்மா. அத யாரு கேட்டா?" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆறு மாதம் நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வைவா தள்ளிப்போய்விட்டது, எப்போது என்று தெரியாது. ஜனவரியில் வேறு ஊரில் சேர இருந்த இடமும் போய்விட்டது. இதை உன்னிடம் இரக்கம் கேட்டு எழுதவில்லை. எழுதாமல் விட்டால் மறுபடியும் மறைக்கிறேன் என்று ஆகிவிடும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீ சொன்ன மோட்டார் நேரத்தை வைத்து டேங்கின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்தேன். காலை மாலை இறக்கம் இரண்டும் மறைந்துவிட்டன. மறைந்த இடத்தில், அதுவரை அதற்குள் புதைந்து கிடந்த ஒன்று மேலே வந்தது. 2024 மே பத்தாம் தேதி பெரிய சூரியப் புயல் அடித்ததல்லவா, சூரியன் வீசிய காந்த மேகம் பூமியை மூடி, தூரத்துக் காஸ்மிக் கதிர்களைக் கொஞ்சம் விலக்கிவிட்டது. உலகம் முழுக்கக் கருவிகளில் எண்ணிக்கை விழுந்தது. நம் மாடியிலும் விழுந்திருக்கிறது. பதினொன்றாம் தேதி நூற்றுக்கு இரண்டு குறைந்து, மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. மூன்று குடித்தனத்துத் துணிகளுக்கு நடுவில் இரண்டு பலகைகள் அதைப் பிடித்து வைத்திருந்தன, நாம்தான் பார்க்கவில்லை.

இதைத் தனிக் கட்டுரையாக எழுதுகிறேன். உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வரும். சரிதாவின் அளவுகள் நம்பத்தக்கவை என்று குழுவின் குறிப்பிலும் ஏற்றியாகிவிட்டது.

குழலி


நெல்லித்தோப்பு
18 நவம்பர் 2025

குழலி,

பெரிய மதர் கூப்பிட்டு அனுப்பினார். உன் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "வாசி" என்றார். அதே நாற்காலி, அதே மேசை. வாசித்தேன். திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றார். எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டிய நேரம். "ரெண்டு நாள் டைம் குடுங்க மதர்" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ராஜவேலிடம் சொன்னதற்கு, "உனுக்கு இன்னா பைத்தியமா? அவங்களே கூப்புடறாங்க, நீ டைம் கேக்கற" என்றார்.

உன் அக்டோபர் கடிதத்தில் ஏறக்குறைய எல்லாம் பொருந்தின என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாய். நீ கவனித்துப் போட்டாயா, கை தானாக எழுதியதா, தெரியாது. அந்த ஏறக்குறையவுக்குள் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

2024 மே ஒன்பதாம் தேதி முதல் பதின்மூன்றாம் தேதிவரை ஐந்து நாளும் நான் மாடி ஏறவில்லை. அந்த ஐந்து நாளுக்கும் நோட்டில் இருப்பது நானே இட்டுக்கட்டியது. போன வாரத்து அளவுகளை எடுத்துக் கடைசி எண்ணை மட்டும் அங்கங்கே மாற்றி எழுதினேன்.

ஒன்பதாம் தேதி காலையில் அப்பா மார்க்கெட்டில் விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். பதின்மூன்று திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். காரியம் முடிந்து பதினேழாம் நாள் இங்கே வந்து மாடி ஏறினேன். பதினான்கிலிருந்து இருந்த நாட்களுக்கு ராஜவேல் ஏறிப் பார்த்து எழுதி வைத்திருந்தார், அவை நிஜம். முன்னால் ஐந்து வரி காலியாக இருந்தது.

காலியாக விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் நீ பெங்களூரில் பேசிய வீடியோவை அனுப்பியிருந்தாய். திரையில் என் நோட்டைப் பெரிதாகப் போட்டு, "இரண்டரை வருடத்தில் ஒரு நாள்கூட விடவில்லை" என்று சொன்னாய், எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டார். மில் மூடின பிறகு அவருக்குக் காட்டிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. டீக்கடையில் பழைய மில் கூட்டாளிகளுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டி, "எம் பொண்ணு ஒரு நாள் உடலயாம் பாரு" என்பாராம். அப்பாவுக்காக விட்டுப்போன நாட்களை அப்பாவுக்காகவே நிரப்பினேன். அப்போது அது பொய் என்று தோன்றவில்லை. மூன்று நாள் கழித்துத் தோன்றியது. அதற்குள் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரியில் வேன் வந்தபோது நான் ஏன் சண்டை போடவில்லை என்று நீ யோசித்ததுண்டா. என்னை உனக்குத் தெரியும், பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட விடமாட்டேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டாயிரம் பொய் எழுதினாய் என்றார்கள். நான் எழுதியது பத்து. இல்லை என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. உன்மேல் வைத்த கோபத்தில் பாதி என்மேல்தான். அதையும் சேர்த்து உன் தலையிலேயே கட்டினேன்.

சும்மா இருந்திருக்கலாம். நீயே நம்பத்தக்கவை என்று எழுதிவிட்டாய், வேலையும் வந்துவிட்டது. ஆனால் நீ கண்டுபிடித்தேன் என்று சந்தோஷப்படும் புயல் சரியாக அந்த ஐந்து நாளில் வந்து விழுந்திருக்கிறது. என் பொய்யைக் கழித்துத்தான் நீ அதைப் பார்த்திருக்கிறாய் என்றால், அது புயலே இல்லாமல் போகலாம். பிறகு யாராவது தேர்வாளர் கண்டுபிடித்தால் இந்த முறை உன் பேரும் என்னோடு போகும்.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. மதரிடம் நாளைக்கு நானே சொல்கிறேன்.

சரிதா


பெங்களூரு
27 நவம்பர் 2025

சரிதா,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்குத் தெரியும். மார்ச்சில் ஒப்பிட்டபோதே அந்த ஐந்து நாள் மட்டும் தனியாகத் தெரிந்தது. மே ஒன்பது முதல் பதின்மூன்று. மற்ற எல்லா வரியும் வானிலை நிலையத்தோடு ஒத்துப்போக, அந்தப் பத்து அளவுகள் மட்டும் ஒட்டாமல் நின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா. நிம்மதி. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். பார், இவளும் எழுதியிருக்கிறாள், நான் சொன்னது முழுப் பொய்யில்லை என்று நினைத்தேன். ஆறு மாதம் உன்னிடம் பேசாமல் இருக்க எனக்கு அந்த ஐந்து நாள் போதுமானதாக இருந்தது. உனக்கு முதல் கடிதம் எழுதியபோதும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். நீ ரொம்பக் கோபப்பட்டால் எடுத்து நீட்டலாம் என்று.

அந்த நாட்களுக்கு உன் அளவை நான் பயன்படுத்தவில்லை, சத்தமில்லாமல் வானிலை நிலையத்தின் அளவைப் போட்டுக்கொண்டேன். புயல் நிஜம்தான். உன் பொய்யால் வந்ததில்லை, பயப்படாதே.

நேற்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய போனை மறுபடி திறந்தேன். 13 மே 2024, காலை 8.40. "அப்பா போய்ட்டாருடி." 11.20-க்கு என் பதில், கூப்பிய இரண்டு கைகள், கீழே "டேக் கேர்". அன்று சாயங்காலம் எனக்கு ஏதோ மீட்டிங். வருவதற்கு ஆறு மணி நேரப் பயணம், வரவில்லை. போனும் போடவில்லை. உன் அப்பா என்னைக் கல்லூரிக்கு எத்தனை நாள் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

அதற்குப் பக்கத்தில் நோட்டின் படத்தை வைத்துப் பார்த்தேன். 13 மே, காலை 10.00, அழுத்தம் 1005.1. உன் கையெழுத்து.

சரிதா, உன் அப்பாவை வாசலில் கிடத்தியிருந்த நேரத்தில் நீ மாடி ஏறிக் காற்றழுத்தம் பார்த்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறது. அதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன். கணக்கில் ஏற்றினேன், படம் வரைந்தேன், ஒட்டவில்லை என்று சிவப்பில் வட்டம்கூடப் போட்டேன். அந்தத் தேதி என்ன தேதி என்று ஒரு முறைகூட எனக்கு உறைக்கவில்லை. வேறு யாராவது அந்த நோட்டைப் பார்த்திருந்தால் தெரியாமல் போகலாம், நியாயம். நான் உன் தோழி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐந்து நாளைப் பார்த்ததும் நான் கேட்டிருக்க வேண்டியது நீ பொய் எழுதினாயா என்று இல்லை. எங்கே இருந்தாய் என்று.

உன் பெயரை எடுக்கமாட்டேன். அந்த ஐந்து நாளும் உன் அளவு இல்லை, வேறு இடத்து அளவு போடப்பட்டது என்று கட்டுரையில் எழுதிவிட்டேன். அதைக் குழுவுக்கும் சொல்லியாகிவிட்டது. ஏன் இல்லை என்று எழுதவில்லை, அது உன் வீட்டு விஷயம்.

மதரிடம் என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. எழுது.

குழலி


நெல்லித்தோப்பு
10 டிசம்பர் 2025

குழலிக்கு,

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க அப்பாவுக்கு முடியாதப்ப நீ இங்க லீவு கேட்டியா?" என்றார். மே மாதம் மதர், பள்ளிக்கூடமே லீவு என்றேன். "அப்ப எங்ககிட்ட நீ பொய் சொல்லல" என்றார். ஜனவரி பிறந்து வரச் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு அஞ்சலாட்சிக்கு மாமியார் நடுத்தெருவில் நின்று சேதி சொன்னார். "எம் மருமவ மேல ஒண்ணும் தப்பில்லியாம், அந்த டேங்கு மேல தானாம் தப்பு." அஞ்சலாட்சி டேங்கை நிமிர்ந்து பார்த்தாள். முதன்முதலாக ஓர் ஆள் அதை நிமிர்ந்து பார்த்தது.

நீ சிவப்பில் வட்டம் போட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது உன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பதினோராவது பொய்யாகிவிடும். ஆனால் நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தைச் சரிசெய்திருக்கிறேன். கோவிந்தசாமி சார் சொன்னபடிதான் செய்தேன், பத்து அளவுகளின் மேலும் ஒவ்வொரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும். பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பதின்மூன்றாம் தேதிக்கு நேராக இழுத்த கோடு மட்டும் வளைந்திருக்கும்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். உடனே கூப்பிடாதே. எனக்கு இன்னும் உன் குரலைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

சரிதா


பெங்களூரு
17 டிசம்பர் 2025

சரிதா,

நோட்டு வந்தது. பிரித்ததும் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன்.

பத்துக் கோடுகள். பக்கத்தில் உன் எழுத்தில், "பார்க்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில்." கடைசி வரிக்கு நேராக, "பார்க்கவில்லை. அப்பா இறந்துவிட்டார். ச. சரிதா." கோடு வளைந்துதான் இருக்கிறது. அதை அப்படியே ஸ்கேன் எடுத்துக் கட்டுரையின் மூலப் பதிவோடு வைத்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பதின்மூன்றாம் தேதிக்கு நேராக, உன் கையெழுத்துக்குக் கீழே, நானும் ஒரு வரி எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேனாவால்தான் எழுதினேன், அழிக்க முடியாது. நோட்டு உன்னிடம் திரும்பி வரும்போது பார்ப்பாய்.

"கேட்கவில்லை. கா. கார்குழலி."